ஆறுச்சாமி மகளின் விடைத்தாள்

ஏப்ரல் 9, புதன்

மேல்தொட்டியில் மிதவை பழுது. நானே ஏறிச் சரிசெய்தேன். எழுபத்தொரு வயதில் ஏணி எதற்கு என்று ருக்மணி கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஆளைக் கூப்பிட்டிருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருப்பான்.

மாலையில் கல்லூரியில் கல்விக்குழுக் கூட்டம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து கட்டிய கல்லூரி இது. அந்த ஐவரில் படிக்கவென்று ஒரு கல்லூரி வாசலையும் மிதிக்காதவன் நான் ஒருவன்தான். ஏழாம் வகுப்போடு நின்றேன். பழுதான மோட்டார்களைப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றேன். இன்று என் பம்பு செட்டு வட மாநிலங்களிலும் ஓடுகிறது. அப்படியிருந்தும் செயலர் நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தால், அந்தப் பேராசிரியர்கள் தங்களுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

இன்று அறிவித்துவிட்டேன். இந்தப் பருவத் தேர்விலிருந்து விடைத்தாள்களைச் செயற்கை நுண்ணறிவு திருத்தும். நாங்கள் தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாளும் எங்களுடையது, திருத்துவதும் நாங்கள்தான். ஒரே பதிலுக்கு ஒருவர் எட்டு மதிப்பெண் போடுகிறார், இன்னொருவர் நாலு போடுகிறார். முடிவு வர இரண்டு மாதம் இழுக்கிறார்கள். இயந்திரத்துக்குத் தலைவலி கிடையாது, சாதி கிடையாது, மச்சான் மகன் கிடையாது. இதையெல்லாம் சொன்னேன்.

பொருளியல் துறைத் தலைவர் மரகதவல்லி எழுந்தார். இயந்திரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆசிரியர்களோடு சேர்ந்து அதுவும் திருத்தட்டும், இரண்டு மதிப்பெண்ணும் எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று பார்த்துவிட்டு அதன்பிறகு முடிவு செய்யலாம் என்றார். அதோடு விட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். உட்காரப் போனவர், "நீங்க ஒரு பம்பைத் தண்ணி ஏத்திப் பாக்காம கடைக்கு அனுப்புவீங்களாங்க?" என்றார்.

அறையே சிரித்தது. இந்தப் பருவத்திலிருந்தே நடக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 10

முதல்வரும் சிரித்தார். பார்த்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தேர்வு முடிந்தது. விடைத்தாள்களையெல்லாம் படம் பிடித்து ஏற்றுகிறார்கள்.

தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது ஆறுச்சாமி பேச்சுக் கொடுத்தான். இருபது வருடமாக என் கார் ஓட்டுகிறான். தேவையில்லாமல் வாய் திறக்க மாட்டான். மகள் மோனிஷா நம் கல்லூரியில்தான் தமிழ் வழியில் பொருளியல் முடித்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். எல்லாத் தாளும் தேர்ச்சி என்ற சான்றை ஜூன் பதின்மூன்றுக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

"புள்ளை பயந்துட்டு இருக்குதுங்க மொதலாளி, மெஷின் திருத்துதாமேன்னு. பொறவு நாஞ் சொன்னனுங்க, மொதலாளி கொண்டாந்தது, ஒழுங்காத்தான் இருக்கும்னு."

நன்றாகச் சொன்னாய் என்றேன். மல்லிகைப் பந்தலுக்குக் கம்பி வாங்க வேண்டும் என்று ருக்மணி இரண்டு நாளாகச் சொல்கிறாள். இன்றும் மறந்துபோயிற்று.

மே 6, செவ்வாய்

இயந்திரத்தைக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆதர்ஷ் என்ற இளைஞன் தொழிற்சாலைக்கே வந்தான். கல்லூரியில் வைத்துப் பேச விரும்பவில்லையாம். கணினியைத் திறந்து இரண்டு விடைகளைக் காட்டினான். இரண்டும் ஒரே கேள்விக்கு, ஒரு பொருளின் விலை ஏறினால் மாற்றுப் பொருளின் தேவை என்னவாகும் என்பது. முதல் மாணவர் கைடில் இருக்கிற தேநீர், காப்பி உதாரணத்தை அப்படியே எழுதியிருந்தார். பத்துக்கு ஒன்பது. இரண்டாவது தமிழில். தேங்காய் எண்ணெய் விலை ஏறினால் வீட்டில் கடலை எண்ணெய்க்கு மாறுவார்கள், ஆனால் சாமிக்கு உடைக்கிற தேங்காய்க்கு மாற்று இல்லை, அதனால் அந்தத் தேவை குறையாது என்று எழுதியிருந்தது. நான் பொருளியல் படித்தவனில்லை. படித்ததும் எனக்குப் புரிந்தது. பத்துக்கு இரண்டு.

மாதிரி விடையோடு ஒத்துப்போனால் மதிப்பெண் தருகிறது, சொந்தமாக யோசித்து எழுதினால் தலைப்பை விட்டு விலகியதாக எடுத்துக்கொள்கிறது என்றான் ஆதர்ஷ். ஆங்கில வழியில் பெரும்பாலும் கைடை ஒப்பிக்கிறார்கள், அதனால் அங்கே வெளியே தெரியவில்லை. தமிழ் வழியில் பொருளியலும் வரலாறும்தான் மோசம். இரண்டு மாதம் கேட்டான். அதுவரை அந்தத் தாள்களை ஆசிரியர்களே திருத்தட்டும் என்றான்.

ஆசிரியர்கள் என்றால் மரகதவல்லி. அந்த அம்மாள் முன்னால் போய் நின்று, நீங்கள் சொன்னது சரிதான், திருத்திக் கொடுங்கள் என்று நான் சொல்ல வேண்டும்.

எந்த இயந்திரமும் புதிதில் கொஞ்சம் முன்னேபின்னேதான் இருக்கும், நடக்கட்டும் என்றேன். அவன் கணினியை மூடாமலே உட்கார்ந்திருந்தான். "முதல்வர்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்" என்றான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

முதல்வர் இன்று விடுப்பு.

மே 8

முதல்வர் வந்துவிட்டார். வேறு வேலைகளில் பேச நேரம் இல்லை.

பந்தலுக்குக் கம்பி வாங்கிக் கட்டினேன்.

மே 16, வெள்ளி

தேர்வு முடிந்து மூன்றே வாரத்தில் முடிவு. நாளிதழ்காரர்கள் வந்தார்கள். கணினி முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். மொத்தத் தேர்ச்சி சென்ற ஆண்டைவிட ஒரு படி மேலே. தமிழ் வழியில் இரண்டு துறைகள் சரிந்துவிட்டன. ஏன் என்று ஒரு நிருபர் கேட்டார். உழைத்தவர்கள் தேறியிருக்கிறார்கள் என்றேன். அதைத் தலைப்பாகப் போடுவதாகச் சொன்னார்.

வெளியே வந்தால் காரில் ஆள் இல்லை. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்துக்குப் பின்னால் ஆறுச்சாமி நின்றுகொண்டிருந்தான். முகம் கழுவிக்கொண்டு வந்தான். மோனிஷா இரண்டு தாளில் தேறவில்லை. இரண்டும் பொருளியல்.

மறுபடியும் எழுதிக்கொள்ளலாம் என்றேன். அடுத்த தேர்வு நவம்பரில். அதற்குள் பல்கலைக்கழகத்து இடம் போய்விடும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பாலம் தாண்டியதும் அவனாகவே பேசினான். "நல்லா எழுதியிருக்கறேன், மெஷின்தான் தப்புன்னு ஒரே அழுகைங்க. மெஷினுக்கு உம்மேல என்னடி கோபம்னு கேட்டேன். மொதலாளி கொண்டாந்த மெஷின், அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் உண்டுங்களா? போனை நோண்டியே கெட்டுச்சுங்க. கை நீட்டிப்போட்டனுங்க. இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான்."

வீடு வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 17

வெயில் அதிகம். எங்கும் போகவில்லை.

மே 20, செவ்வாய்

மகளைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்க்கப் பேசியிருக்கிறான் ஆறுச்சாமி. ஜூன் இரண்டிலிருந்து போக வேண்டும். போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துவிட்டானாம்.

இரவுச் சாப்பாட்டில் ருக்மணி கேட்டாள், "ஏனுங்க, அந்தப் புள்ளை பன்னண்டாவதுல ஸ்கூல் பர்ஸ்ட் இல்லீங்களா?" எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். பரிசு கொடுத்ததே நான்தான்.

மே 23

முதல்வரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு மாணவியின் இரண்டு தாளை மட்டும் கையால் திருத்த முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார். துறைத் தலைவர் என்றால் மறுபடியும் அதே அம்மாள்.

மே 25, ஞாயிறு

போனேன். இதற்கு முன் அவர் வீட்டுப் பக்கமே போனதில்லை. ஆறுச்சாமியை வரச் சொல்லாமல் ஆட்டோவில் போனேன். மரகதவல்லி வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார். சேலையை இடுப்பில் செருகியிருந்தார். என்னைப் பார்த்ததும் பைப்பை மூடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோனிஷா பெயரைச் சொன்னேன். ஏழைப் பெண், என் காரோட்டியின் மகள், ஒரு உதவியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"அவ ஒருத்திக்குன்னா நான் தொட மாட்டேனுங்க" என்றார். "என் வகுப்புல பாதிப் பேருக்கு மேல பெயில். மூணு வருசமா அதுங்க கையில இருந்து கைடைப் பிடுங்கிப் போட்டவ நானு. உங்க ஊர்ல, உங்க வீட்டுல நடக்கறதை வெச்சு எழுதுங்கன்னு சொன்னவ நானு. நாஞ் சொன்னதைக் கேட்டதுக்குத்தான் அதுங்க பெயில் ஆயிருக்குதுங்க. இதுல ஒருத்தியை மட்டும் எப்படீங்க தூக்கறது?"

எல்லாத் தாளும் என்றால் முடிவையே திரும்பப் பெற வேண்டிவரும், கல்லூரியின் பெயர் என்னவாகும் என்று கேட்டேன். "அதைச் செயலர்தான் யோசிக்கணும்" என்றார்.

எழுந்தேன். வாசல்வரை வந்தவர், "ஒண்ணு கேக்கட்டுங்களா? இப்படி ஆகும்னு கம்பெனிக்காரங்க முன்னாடியே எதாச்சும் சொன்னாங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரிடம் போனார். பிடிவாதக்காரி. ஒரு பெண்ணுக்கு நல்லது செய்யக்கூட மனம் வரவில்லை. அப்படித்தான் ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

மே 29

ஆறுச்சாமி இப்போது பேசுவதே இல்லை. காரில் பாட்டும் போடுவதில்லை. நான் கேட்டால் போடுவான். நான் கேட்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

மோனிஷா இன்று வேலையில் சேர்ந்துவிட்டாள். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறதாம். நாள் முழுக்க நின்றுகொண்டே பனியனில் ஓட்டை பார்க்கும் வேலை.

ருக்மணி என்னிடம் சரியாகப் பேசி நாலு நாள் ஆகிறது. காரணம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஜூன் 4, புதன்

குஜராத்துக்குப் போக வேண்டிய பம்புகள் சோதனை மேடையில் ஓடின. ஒன்றில் சீல் கசிந்தது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் போடலாமா என்று ஃபோர்மேன் கேட்டார். சொட்டுதானே, வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது என்றார். கோபம் தலைக்கேறிவிட்டது. அதே கை மாட்டின சீல்தானே மற்றதிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் பிரியுங்கள் என்று கத்தினேன். ஆட்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கப் பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு முதல்வரைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை கல்விக்குழுவைக் கூட்டச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

தமிழ் வழித் தாள்கள் அத்தனையையும் ஆசிரியர்களே மறுபடி திருத்த வேண்டும், ஐந்து நாளில் முடிக்க வேண்டும் என்றேன். அடுத்த ஒரு வருடம் ஆசிரியர் திருத்தியபிறகே இயந்திரம் திருத்தும், இரண்டு மதிப்பெண்ணும் அதிகம் விலகினால் மூன்றாவதாக ஒருவர் பார்ப்பார், மாதிரி விடைகளில் மாணவர்களின் சொந்த விடைகளையும் சேர்த்து இயந்திரத்துக்குப் பழக்குவோம் என்றேன். எல்லாம் மரகதவல்லி ஏப்ரலில் சொன்னதுதான். அவர் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தீர்மானத்தில் காரணம் என்ன எழுதுவது என்று முதல்வர் கேட்டார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கலாங்களா?" என்று அவரே கேட்டார். ஆதர்ஷ் பெங்களூரிலிருந்து திரையில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

மரகதவல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

மோனிஷா தேர்ச்சி. இரண்டு தாளிலும் முதல் வகுப்பு மதிப்பெண். வகுப்பில் மற்றவர்களும் அநேகமாக எல்லோரும் தேறிவிட்டார்கள்.

காரில் வரும்போது நானே சொன்னேன். ஆறுச்சாமி புறவழிச்சாலையில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான். என்ன என்று கேட்பதற்குள் மண்ணில் முட்டி போட்டு என் காலைப் பிடித்துக்கொண்டான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கௌரவம் பாக்காம எம்புள்ளைக்காக உங்க மெஷினையே தப்புன்னு சொல்லியிருக்கீங்க. முதல்வர் ஐயா எல்லாஞ் சொன்னாருங்க. இந்தக் காலத்துல யாருங்க செய்வாங்க மொதலாளி?"

எழுந்திரு என்றேன். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். நேரமாகிறது, வண்டியை எடு என்பதுதான் வந்தது.

ஜூன் 13

பல்கலைக்கழகத்தில் சான்று கொடுத்தாகிவிட்டது. இடம் உறுதி.

ருக்மணி பாயசம் வைத்தாள். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இனி பொறுக்க முடியாது, இன்று ஆறுச்சாமியிடம் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். பத்து மணிக்கு அவன் மகளோடு வந்தான். கையில் ஸ்வீட் பெட்டி. ருக்மணி கோயிலுக்குப் போயிருந்தாள். அவன் மகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

மோனிஷா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். நின்றுகொண்டே இருந்தாள். உட்கார் அம்மிணி என்றேன். உட்காரவில்லை.

"கால்ல விழுந்து கும்பிட்டு வரச் சொல்லித்தான் அப்பா கூட்டிட்டு வந்தாருங்க. நான் விழப் போறதில்லீங்க" என்றாள்.

சரி என்றேன்.

"அந்தக் கம்பெனி சார், ஆதர்ஷ், வியாழக்கிழமை காலேஜுக்கு வந்திருந்தாரு. எங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டாருங்க. மே மாசமே சொன்னேன், நிறுத்திவெச்சிருக்கணும்னாரு. யாருகிட்டச் சொன்னீங்கன்னு கேட்டோம். அதை மட்டும் சொல்லலை." அவள் குரல் ஏறவே இல்லை. "உங்ககிட்டத்தானுங்களா?"

வெளியே வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

ஆமாம் என்றேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பெட்டியின் நூலை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். இப்போதே போய் உன் அப்பாவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் எழுந்தேன். அவள் வந்து கதவை மறித்து நின்றாள்.

"சொல்லக் கூடாதுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"ரிசல்ட் அன்னிக்கு அப்பா என்னை அடிச்சாரு. எனக்கு அது ஒண்ணும் இல்லீங்க. மெஷின்தான் தப்புன்னு தெரிஞ்சதுல இருந்து அவரு என் மொகத்தைப் பாக்க மாட்டேங்கறாரு. ரெண்டு நாள் சோறு திங்கலை. மொதலாளிக்கே தெரியாமப் போச்சு, எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லிச் சொல்லித்தான் இப்பத் தேறியிருக்காரு. அவருக்கு அந்த ஒரு சமாதானந்தானுங்க இருக்குது. அதையும் பிடுங்கிக்காதீங்க."

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். இருபது வயதுப் பெண்ணிடம் அப்படிக் கேட்டேன்.

"எப்பவும் போல இருங்க" என்றாள். "அப்பா கும்பிட்டா வாங்கிக்குங்க."

மரகதவல்லி அம்மாளிடமாவது, கல்விக்குழுவிலாவது சொல்கிறேனே என்றேன். கல்லூரியில் காலையில் பேசுவது மதியத்துக்குள் ஓட்டுநர்கள் நிற்கிற இடத்துக்கு வந்துவிடும் என்றாள். அது எனக்கும் தெரியும்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, எம்.ஏ. முடித்து எங்கே வேலைக்குப் போனாலும் இந்தக் கல்லூரிக்கு மட்டும் வர மாட்டேன் என்றாள். வெளியே போய் அப்பாவிடம் ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் தலையில் கை வைத்தான். எத்தனை நாளைக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

கல்லூரி திறப்பு. ஆசிரியர் கூட்டத்தில் எனக்கு ஒரு நன்றித் தீர்மானம். தம் முடிவு தவறு என்று தெரிந்த கணமே அதைத் திருத்திக்கொண்ட செயலரின் பெருந்தன்மை என்று முதல்வர் வாசித்தார். தெரிந்த கணமே. எல்லோரும் கை தட்டினார்கள். பத்து வருடமாக நான் எதிர்பார்த்த கைதட்டல். மரகதவல்லியும் தட்டினார். என்னை நம்பித்தான் தட்டினார் என்று தோன்றியது. அன்று அவர் வீட்டு வாசலில் இல்லை என்று நான் சொன்னதை நம்பி.

தீர்மானத்தில் கையெழுத்துப் போடக் கொடுத்தார்கள். போட்டேன்.

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் மற்ற ஓட்டுநர்களிடம் ஆறுச்சாமி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்தி எழுந்து நின்று கும்பிட்டார்கள். புதிதாக வந்த பையன் ஒருவன் பீடியை அவசரமாகக் காலில் போட்டு மிதித்தான். ஆறுச்சாமி ஓடிவந்து பின்கதவைத் திறந்து, தோளில் கிடந்த துண்டால் இருக்கையை ஒருமுறை துடைத்துவிட்டான்.

"வாங்க மொதலாளி" என்றான்.

ஏறி உட்கார்ந்தேன்.